மதுரையில் திரும்பாமல் வந்த வழி

மதுரையில் இடது பக்கம் திரும்பியிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்போம். லடாக் போய்விட்டு வருகிற எங்களுக்கு ராமநாதபுரம் எல்லாம் பக்கத்துத் தெரு மாதிரி. ஆனால் ஸ்ரீநகரில் பிடித்த 44-ஆம் எண் நெடுஞ்சாலை கன்னியாகுமரியில்தான் முடிகிறது. அதைப் பாதியில் விட்டுவர மச்சானுக்கு மனசு வரவில்லை. சரி என்று முனை வரை போய்ப் பார்த்துவிட்டு, தூத்துக்குடியில் ராத்தங்கி, விடிந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறினோம்.

நெடும்பயணம் போகிறவர்கள் பலர் கடைசி நாளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வீடு நெருங்கிவிட்டது என்று ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. மொத்தப் பயணத்தில் எந்த நாள் பிடித்தது என்று கேட்டால், லடாக்கின் கார்டங் லா கணவாயைச் சொல்ல மாட்டேன், தூத்துக்குடியிலிருந்து தொண்டிக்கு வந்த அந்த ஒரு பகலைத்தான் சொல்வேன்.

ஒரே புல்லட், மாற்றி மாற்றி ஓட்டினோம். பதினேழாயிரம் அடிக்கு மேல் காற்றில்லாமல் திணறிய எஞ்சின் கடல் மட்டத்துக்கு வந்ததும் தன் பழைய சத்தத்துக்குத் திரும்பியிருந்தது. ஆவணி மாதம், கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. இந்தச் சாலை வடகிழக்கே போவதால் காற்று முதுகைத் தள்ளியது. ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டிய வேலையே இல்லை. வேம்பாறு தாண்டி நம் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் பனை. கடற்கரைச் சாலை என்று பெயர் இருந்தாலும் இந்தப் பகுதியில் பெரும்பாலும் கடல் கண்ணில் படாது, வாசனையாகத்தான் கூட வரும்.

சாயல்குடிக்குப் பக்கத்தில் பனம்பழம் சுடுகிற வாசனை வந்தது. நானும் மச்சானும் ஒரே நேரத்தில் "நிறுத்து" என்று நினைத்திருக்க வேண்டும், அவன் என் தோளைத் தட்டுவதற்குள் நான் பிரேக்கை அழுத்திவிட்டேன். ரோட்டோரக் குடிசை வாசலில் ஒரு ஆத்தா ஓலையும் மட்டையும் போட்டுத் தீ மூட்டி, கறுத்த பழங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது. தோலை உரித்ததும் மஞ்சள் நாராகப் பிரிந்த பழத்தை ஆளுக்கொன்று கையில் கொடுத்தது. சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றிச் சப்பினோம்.

"எங்கிட்டு இருந்து வர்றீக?"

"காஷ்மீரு, ஆத்தா."

"அங்கிட்டுப் பனை இருக்கா?"

"ஒரு பனைகூடக் கிடையாது."

"அப்ப என்னத்தத்தான் திங்குதுக?"

மச்சான் பையைத் திறந்து, லேயில் அவன் உம்மாவுக்கென்று வாங்கிய உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தில் ஒரு கை அள்ளிக் கொடுத்தான். ஆத்தா ஒன்றை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றது. "புளிப்பாத்தான் இருக்கு, ஆனா நல்லாருக்கு" என்று மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொண்டது. காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

அங்கிருந்து மூக்கையூருக்கு ஒதுங்கிக் கடலைப் பார்த்தோம். தென்கடல் கலங்கி, அலை உயர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. மச்சானின் தாத்தா சங்கு குளித்தவர். "கச்சான் நேரத்துல தண்ணி இப்படித்தான், அடியில ஒண்ணும் தெரியாது. வாடை பொறந்ததுக்கு அப்புறம்தான் குளிக்க இறங்குவாங்க" என்றான். எத்தனையோ வருசப் பழக்கம், தாத்தாவைப் பற்றி இவ்வளவு அவன் பேசிக் கேட்டது அன்றுதான். ஒருமுறை மூச்சு முட்டி மேலே வந்தவரைப் படகில் இழுத்துப் போட்ட கதையைச் சொல்லி முடிக்கும்போது ஏர்வாடி வந்துவிட்டது.

கீழக்கரையில் அவன் வீடு. தெருவுக்குள் புல்லட் சத்தம் கேட்டே உம்மா வாசலுக்கு வந்துவிட்டார். மகனை விட்டுவிட்டு முதலில் என் முகத்தைத்தான் பிடித்துப் பார்த்தார். "என்ன வாப்பா, ரெண்டு பேரும் இப்படிக் கறுத்துப்போய் வந்திருக்கிய!" உள்ளே நெய்ச்சோறும் கறி ஆணமும் தயாராக இருந்தன. ஒரே சஹனை, அந்தப் பெரிய தட்டைச் சுற்றி மூன்று பேர், அவன் வாப்பாவும் சேர்த்து. வாரக்கணக்கில் பராத்தாவும் ராஜ்மாவும் தின்ற நாக்குக்கு நம்ம முண்டு மிளகாயின் காரம் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. 2023-இல் அந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். எங்கள் வீட்டு அடுப்படிகளுக்கு அது எப்போதோ தெரிந்த விஷயம். கடைசியாகத் தொதல் வந்தது. தேங்காய்ப்பாலில் மணிக்கணக்கில் கிண்டியது, ஒரு துண்டுக்கே வயிறு நிறையும்.

சாமான்களைப் பிரித்தோம். யார் சட்டை எது என்று தெரியவில்லை, அப்படியே பாதியாக அள்ளிக்கொண்டோம். நான் கிளம்பத் தயாரானபோது மச்சான் ஸ்பானரோடு வந்து பின்சக்கரத்தருகே குத்தவைத்தான். இரண்டு பேருக்கும் மூட்டைக்கும் சேர்த்து இறுக்கி வைத்திருந்த ஷாக் அப்சார்பரை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு படியாகத் தளர்த்தினான். டயரை அமுக்கிப் பார்த்து அதிலும் கொஞ்சம் காற்றை இறக்கினான்.

"தனியாத்தானே போறே. இப்படியே போனா குழிக்குக் குழி தூக்கிப் போடும்டா" என்றான்.

லடாக்கில் எத்தனையோ பேர் எங்களுக்கு உதவினார்கள், எல்லோரையும் நினைத்திருக்கிறேன். ஆனால் நெய்ச்சோறு தின்ற கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் கிரீஸில் கை வைத்த அவனை நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

ராமநாதபுரத்தில் எல்லா வண்டிகளும் தனுஷ்கோடி பக்கம் திரும்பின. நேரமிருப்பவர்கள் வடக்கே தேவிபட்டினம், உப்பூர், தொண்டி சாலையையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. காலையில் தென்கடலைப் புரட்டிய அதே கச்சான்தான் இங்கேயும் வீசியது, ஆனால் இந்தப் பக்கம் அது கரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று, அலையைக் கிளப்பாது. அதனால்தான் எங்கள் பக்கம் தென்கடலை ஆண் கடல் என்றும் வடகடலைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காலத்தில் இரண்டும் குணம் மாற்றிக்கொள்ளும்.

தொண்டி வந்து, அம்மா கையால் காபி குடித்துவிட்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"ஷாக் எப்படி இருக்கு?"

"இன்னும் ஒரு படி தளர்த்தலாம் மச்சான்."

"கை வைக்காதே. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சிட்டு வர்றேன், செயினும் தொங்குது, சேர்த்துப் பார்த்துடுவோம். அம்மாகிட்ட நண்டு வாங்கி வைக்கச் சொல்லு."