வாயை மட்டும் அசை

பத்து வயசுப் பையன். எங்கள் பாடகர் குழுவில் கடைசி வரிசை. நல்ல கணீர்க் குரல், ஸ்ருதிதான் நிற்காது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ஒத்திகையில் அவன் தோளைத் தொட்டு, "ஞாயித்துக்கிழமை நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்ப்பா" என்றேன். சரி என்று தலையாட்டினான். கையிலிருந்த பாட்டுத்தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மடிப்பு கண்ணைவிட்டுப் போகவில்லை.

எந்தப் பாட்டுக்கும் அதற்கான வேதபகுதியை முந்தின நாள் வாசித்துவிடுவேன். அன்றிரவு மாற்கு 11. எத்தனையோ தடவை வாசித்த இடம். எருசலேமுக்குள் போகுமுன் இயேசு ஒரு கழுதைக்குட்டியை அவிழ்த்து வரச் சொல்கிறார். யாராவது கேட்டால், ஆண்டவருக்கு வேண்டும் என்று சொல்லுங்கள் என்கிறார். பழைய மொழிபெயர்ப்பில், சொந்தக்காரன் உடனே அனுப்பிவிடுவான் என்று வரும். திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் அதே வசனம், ஆண்டவரே அதைச் சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பொருளில் இருக்கிறது. 'மறுபடியும்' என்ற ஒரு சின்னச் சொல் சில கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. அதனால் வந்த வித்தியாசம்.

திருப்பித் தருகிற ராஜா! 1 சாமுவேல் 8-ல் ஜனங்கள் ராஜா வேண்டும் என்று அடம்பிடிக்கும்போது சாமுவேல் எச்சரிக்கிறார்: உங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொள்வான், வயல்களை எடுத்துக்கொள்வான், கழுதைகளையும் எடுத்துக்கொள்வான். இவரோ ஒரே ஒரு குட்டியை இரவல் கேட்கிறார்.

கழுதை என்றால் கேவலம், அதனால்தான் தாழ்மை என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை. சாலொமோனைத் தகப்பன் தாவீது ராஜாவின் கோவேறு கழுதையில் ஏற்றிக் கீகோன் ஊற்றுக்குக் கொண்டுபோய்த்தான் ராஜாவாக அபிஷேகம் பண்ணினார்கள். ராஜா கழுதைக்குட்டியின்மேல் வருகிறார் என்கிற சகரியா 9:9-ஐப் பாடிவிட்டு 10-ஆம் வசனத்தை நாம் விட்டுவிடுகிறோம். இரதங்களும் குதிரைகளும் யுத்த வில்லும் அற்றுப்போகும், அவர் ஜாதிகளுக்குச் சமாதானம் கூறுவார் என்று அங்கே இருக்கிறது. போர்க்குதிரை வேண்டாம் என்கிற ராஜா அவர். யாரையும் மிதித்துக்கொண்டு உள்ளே வரமாட்டார். அவர் தாழ்மையை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பிறகு மத்தேயு 21-ஐத் திருப்பினேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன். தேவாலயத்தில் பிள்ளைகள் ஓசன்னா என்று ஆர்ப்பரிக்கிறார்கள். பிரதான ஆசாரியருக்கும் வேதபாரகருக்கும் கோபம். இவர்கள் சொல்வது உமக்குக் கேட்கிறதா என்கிறார்கள். இயேசு கேட்கிறது என்று சொல்லி, குழந்தைகள் வாயிலிருந்து வரும் துதியைப் பற்றிய 8-ஆம் சங்கீதத்தை அவர்களுக்கு நினைவுபடுத்துகிறார். அந்தப் பிள்ளைகளை அவர் அடக்கவில்லை. கோபப்பட்டவர்கள் ஆலயப் பொறுப்பில் இருந்தவர்கள், ஒழுங்கு தெரிந்தவர்கள். நானும் பொறுப்பில் இருக்கிறவன், ஸ்ருதி தெரிந்தவன்.

ஓசன்னா என்பதற்கே 'இரட்சியும்' என்றுதான் அர்த்தம். 118-ஆம் சங்கீதத்தின் 25-ஆம் வசனத்திலிருந்து வந்த கதறல் அது. காப்பாற்று என்று கூப்பிடுகிறவனிடம் ஸ்ருதி சரியில்லை என்று எப்படிச் சொன்னேன்? பாட்டு பிசிறில்லாமல் இருந்தால் அது அவருக்கு மரியாதை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பிசிறு என்று நான் ஒதுக்கினது ஒரு பிள்ளையை.

ஞாயிறு காலை ஆராதனைக்கு முன் அவனைத் தனியே கூப்பிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புப்பா. என்னை மன்னிச்சுடு. நீ முழுசாப் பாடு" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் பையிலிருந்து தாளை எடுத்து, தொடையில் வைத்து நீவி நீவி மடிப்பைச் சரிசெய்தான்.

மூன்றாவது வரியில் ஸ்ருதி இறங்கியது. பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் அவனோடு சேர்ந்து இறங்கினார்கள். நான் கையை உயர்த்தவில்லை, தாளத்தை மட்டும் விடாமல் போட்டேன். ஓசன்னா வந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.