மேப்பில் ஒரு புள்ளி

"எந்தத் தீவுப் பக்கம் கடல்பாசி எடுப்பீங்க அக்கா? இந்த மேப்புல தொட்டுக் காட்டுங்க."

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் கரையில் இன்று ஒரு ஆய்வு மாணவி டேப்லெட்டை நீட்டினார். அக்கா அப்போதுதான் கரையேறியிருந்தார். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியைப் பல்லால் அவிழ்த்தபடியே, "எதுக்கும்மா?" என்றார்.

"சும்மா, படிப்புக்குத்தான்."

கேட்டதும் எனக்குப் பகீரென்றது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுக்கத் தடை. மேப்பில் வைக்கும் புள்ளி மாணவிக்குத் தரவு; அக்காவுக்கு அதுவே நாளை வழக்காகலாம்.

பெயரை மறைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். சின்ன ஊரில் அது போதாது. இடத்தைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பதில் யார் கைக்குப் போகும், வேண்டாமென்றால் சொல்லாமல் விடலாம் என்பதையெல்லாம் கேள்விக்கு முன்பே சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து அப்புறம்தான். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கான நெறிகளைச் சொல்லி 1979-இல் அமெரிக்காவில் வந்த பெல்மாண்ட் அறிக்கை கேட்டதும் இதைத்தான்: மனிதருக்கு மரியாதை, தீங்கு செய்யாமல் நன்மை தேடுதல், நியாயம்.

ஆராய்ச்சி கட்டாயம் வேண்டும். வெட்டிய மரிக்கொழுந்துப் பாசி (ஒரு கடல்பாசி வகை) திரும்ப வளர எவ்வளவு காலம் பிடிக்கும் என்று தெளிவாகத் தெரிந்தால், முதல் பலன் இந்தப் பெண்களுக்குத்தான். ஆனால் முடிவை இதே கரைக்கு வந்து, உட்கார்ந்து, தமிழில் சொல்ல வேண்டும்.

மாணவர்களை அனுப்பும் வழிகாட்டிகளே, அந்த இரண்டாவது பயணத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.