குரூப் 1 மெயின்ஸ்: எரிசக்திக் கேள்விக்கு மெகாவாட் மட்டும் போதாது

மெயின்ஸ் ரிசல்ட் வந்து, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் இப்போதுதான் மூச்சு வந்திருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் படிக்கிற தம்பி தங்கைகள் கேட்டதால் எழுதுகிறேன். தாள், மதிப்பெண் விவரமெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: மின் திட்டமோ எரிசக்திக் கொள்கையோ கேள்வியாக வந்தால், யாருக்கு என்ன வருகிறது, யாரிடமிருந்து என்ன போகிறது என்று எழுதாமல் பேனாவை மூடாதீர்கள்.

நான் படித்த பயிற்சி மையத்தின் குறிப்புகளில் மெகாவாட்டும் கோடியும்தான் இருந்தன. அதை மனப்பாடம் செய்தால் எல்லோர் விடையும் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

கமுதி சூரிய மின் நிலையம் 648 மெகாவாட், 2016, சுமார் 2,500 ஏக்கர். இது யாரும் எழுதுவது. இந்த மாதிரித் திட்டங்களுக்குத் தரிசு நிலம்தான் நல்லது என்றும் எழுதுவோம். காளையார்கோவில் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்) ஒருவரிடம் தரிசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “காகிதத்துலதான் தம்பி அது தரிசு. ஆட்டுக்கு அதுதானே மேய்ச்சக்காடு” என்றார். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும், விறகு பொறுக்கும் பெண்களுக்கும் அதே நிலம்தான் பிழைப்பு. பட்டா அவர்கள் பெயரில் இல்லை. அதனால் விலையும் இல்லை, இழப்பீடும் இல்லை. சூரிய ஒளி மின் திட்டங்கள் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வருவதில்லை. ஆகவே அந்த அறிவிக்கைப்படி நடக்கும் மக்கள் கருத்துக் கேட்பும் கிடையாது. நிலத்தை உரிமையாளரிடம் நேராகக் கிரயம் பண்ணிவிட்டால், 2013 நில எடுப்புச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடும் நடக்காது. இந்த மூன்று வரியை எழுதினாலே விடை தனியாகத் தெரியும்.

அடுத்து இலவச விவசாய மின்சாரம். 1990 முதல் இருக்கிறது. ஆனால் பம்ப்செட் வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். நம் சீமையில் கண்மாய் மடையை நம்பி விதைக்கிறவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. இலவசத்தை நிறுத்தச் சொல்லி எழுதச் சொல்லவில்லை, எழுதவும் கூடாது. ஒரே ஊர், ஒரே சாதிசனம், ஒரு வயலுக்கு உண்டு, பக்கத்து வயலுக்கு இல்லை என்பதைக் காட்டுங்கள்.

செலவு-பயன் பகுப்பாய்வு என்று தலைப்பு மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள், ஒரு கணக்கு போடுங்கள். 30 ஆண்டு கழித்து வரும் 100 கோடி ரூபாய் சேதம், 10 சதவீதக் கழிவு வீதத்தில் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு ஆண்டுதோறும் குறைத்துப் பார்க்கும் வீதம்) இன்றைக்குச் சுமார் 5.7 கோடி. 3 சதவீதத்தில் சுமார் 41 கோடி. அதே சேதம்தான். வீதத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் பேரப்பிள்ளைகளின் பங்கையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார். அணு உலையா அனல் மின் நிலையமா, எதற்கும் இது பொருந்தும்.

அப்புறம் சில:

- வேலைவாய்ப்பை இரண்டாகப் பிரியுங்கள். சூரிய மின் நிலையத்தில் கட்டும்போது ஆள் நிறைய வேண்டும், ஓடும்போது கொஞ்சம்தான்.
- ஏழைப் பெண்களுக்குச் சமையல் கேஸ் இணைப்புத் தரும் உஜ்வலா திட்டம் (2016) என்றால் இணைப்பு எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். இரண்டாவது சிலிண்டர் வாங்கினார்களா என்பதுதான் கேள்வி.
- நெடுவாசல் ஹைட்ரோகார்பன் திட்ட எதிர்ப்புப் போராட்டம், 2017. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம். மக்கள் சம்மதம் இல்லாத திட்டத்துக்குத் தாமதமும் ஒரு செலவு என்று எழுத இதைவிட நல்ல உதாரணம் இல்லை.
- மதிப்பெண் குறைந்த சின்னக் கேள்வியென்றால் கணக்கை விட்டுவிடுங்கள், ஆட்களை விடாதீர்கள்.
- ஞாயிற்றுக்கிழமை சந்தைப் பக்கம் போய் நாலு பேரிடம் கரண்ட் பில் பற்றிக் கேளுங்கள். கூச்சப்படுகிறவர்கள் வீட்டில் அப்பத்தாவிடம் விறகடுப்பைப் பற்றிக் கேட்டாலும் போதும்.
- எண் உறுதியாகத் தெரியாவிட்டால் எழுதவே எழுதாதீர்கள், அந்த இடத்தில் யாருக்கு நட்டம் என்று எழுதுங்கள்.