கறிவேப்பிலைச் செடி உள்ள வந்தாச்சு

நேத்து ராத்திரி சாப்பாடு முடிஞ்சு ஒம்பது மணி வாக்குல போன்ல வெதர் பாத்தேன், விடியக்காலம் 6 டிகிரினு போட்டிருந்துச்சு. அவ்ளோதான். நைட்டி மேல ஒரு ஸ்வெட்டர மாட்டிக்கிட்டு, சோபால சாஞ்சு கிரிக்கெட் ஹைலைட்ஸ் பாத்துட்டிருந்த மனுசன கிளப்பி, ரெண்டு பேருமா பின்னாடி டெக்குல இருந்த கறிவேப்பிலை தொட்டிய ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சுத் தூக்கி, வாசப்படில ஒருவாட்டி இடிச்சு, ஹால் ஜன்னல் ஓரமா கொண்டாந்து வெச்சாச்சு. "பிரசவத்துக்கு பொண்ண கூட்டிட்டு வர்ற மாதிரி வருசா வருசம் ஒரு ஆர்ப்பாட்டம்"னு இவரு அலுத்துக்கிட்டாரு. அலுத்துக்கட்டும். குழம்புல கறிவேப்பிலை இல்லைன்னா மொதல்ல கேக்கறது அவருதான்.

நாங்க இருக்கறது மிசிசாகா, டொராண்டோவுக்கு ஒட்டுன மாதிரி. மதுரைக்காரிக்கு இங்க வந்து பதினோரு வருசமாச்சு. செப்டம்பர் 22, 23ல ஃபால், அதாவது இலையுதிர் காலம் ஆரம்பிக்குதுனு காலண்டர்ல போட்டிருப்பாங்க, அந்தக் கணக்கெல்லாம் எங்க வீட்டுக்கு செல்லாது. கறிவேப்பிலை உள்ள வந்துச்சுன்னா சம்மர் முடிஞ்சுதுனு அர்த்தம்.

இந்தச் செடி வாங்கும்போது நாலே நாலு ஈர்க்கு இருந்துச்சு, இப்ப என் தோளுக்கு வருது. எலுமிச்சை, நார்த்தங்காய் குடும்பத்தச் சேர்ந்தது, அதனால குளிர் சுத்தமா ஆகாது. ராத்திரி 10 டிகிரிக்கு கீழ போச்சுன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும், ஒரு நாள் பனி உறைஞ்சு விழுந்தா ஆளே காலி. இங்க அது அக்டோபர்ல என்னிக்கு வேணா வரும். உள்ள கொண்டாறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, இலைய ஒவ்வொண்ணா திருப்பி அடிப்பக்கம் பாக்கணும். தண்டுல பழுப்பு கலர்ல சின்னச் சின்ன மரு மாதிரி ஒட்டிட்டு இருக்கும், அது மருவெல்லாம் இல்ல, பூச்சி. நகத்தால சுரண்டி எடுத்துட்டு, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு தண்ணில கலந்து ஸ்ப்ரே பண்ணி, ஹோஸ் போட்டு நல்லா குளிப்பாட்டி விட்ரணும். இதப் போன வாரமே முடிச்சுட்டேன். விட்டோம்னா குளிர்காலம் பூரா அதுங்களுக்கு ஓசில ஹீட்டர் போட்டு சோறு போட்ட கதைதான்.

உள்ள வந்ததும் ரெண்டு வாரத்துக்கு இலையா கொட்டும். வெயில்ல இருந்துட்டு திடீர்னு ஜன்னல் வெளிச்சத்துல நிக்கச் சொன்னா கொட்டத்தான செய்யும். மொத வருசம் எனக்கு இது தெரியாது, செத்துப்போச்சுன்னு பதறி காலைல ஒரு சொம்பு சாயங்காலம் ஒரு சொம்புன்னு தண்ணிய ஊத்தி வேரே அழுகப் பாத்துச்சு. அப்ப அம்மாதான் வீடியோ கால்ல பாத்துட்டு, "ஏண்டி, தண்ணிய ஊத்தி ஊத்தியே கொன்னுராத, அது பாட்டுக்கு இருக்கட்டும் விடு"ன்னாங்க. அவங்களுக்கு இது ஒரே சிரிப்பு. எங்க மதுரை வீட்டுல கொல்லைல நிக்கறது செடி இல்ல, மரம், யாரும் ஒரு சொட்டு தண்ணி விட்டு நான் பாத்ததில்ல. "கறிவேப்பிலைக்குப் போய் ஜன்னல் சீட்டு குடுத்து வெச்சிருக்கா பாருங்க"ன்னு அப்பாகிட்ட காட்டுவாங்க.

இங்க செப்டம்பர் கடைசி வந்தா போதும், ஆபீஸ்ல, ஸ்கூல் வாசல்ல, க்ரோசரி கடை க்யூல, யாரப் பாத்தாலும் ஒரே பொலம்பல், ஐயோ சம்மர் போச்சே போச்சேன்னு. நானும் கூட சேந்து தலையாட்டிக்குவேன். ஆனா உண்மையச் சொல்லணும்னா எனக்கு உள்ளுக்குள்ள ஜாலியா இருக்கும். சம்மர்னா இங்க அது ஒரு வேலைங்க. வெயில் வந்தா அத வீணாக்கக் கூடாது, அதான் ஊர் சட்டம். சனிக்கிழமை ஆனா பார்க்கு, பார்பிக்யூ, பீச்சு, யாரோ ஒருத்தர் கூப்ட்டுட்டே இருப்பாங்க, வீட்டுல காலை நீட்டி உக்காந்தா ஏதோ தப்பு பண்ற மாதிரியே இருக்கும். "இவ்ளோ நல்ல க்ளைமேட்ல வீட்டுக்குள்ளயா இருக்கீங்க?" வெயில்னா கதவ சாத்தி, திரைய இழுத்து விட்டு, ஃபேனுக்கு கீழ தரைல படுக்கணும்னு சொல்லிக் குடுத்த ஊர்ல வளந்தவகிட்ட கேக்கற கேள்வியா இது.

அதுவும் அந்த வெளிச்சம் இருக்கே. ஜூன் மாசம் ஒரு நாளைக்கு பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல வெளிச்சம், சூரியன் அடங்க ராத்திரி ஒம்பது தாண்டும், பாப்பா ஜன்னலக் காட்டி "இன்னும் பகல்தானம்மா"ன்னு நியாயம் பேசுவா, பதிலே சொல்ல முடியாது. மதுரைல வருசத்துலயே நீளமான பகலுக்கும் குட்டிப் பகலுக்கும் ஒரு மணி நேரம் சொச்சம்தான் வித்தியாசம், நம்ம ஆளுங்க யாரும் அத கவனிக்கறதே இல்ல. இங்க செப்டம்பர்ல தெனம் மூணு நிமிசம் கொறையுது, அப்படின்னா வாரத்துக்கு இருவது நிமிசம், கண்ணுக்கு நேராவே தெரியும். இப்ப ஏழு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிருது. இருட்டுனதும் வீட்டுல லைட்ட போடறோம், மூணு பேரும் ஒரே ரூமுக்கு வந்து சேர்றோம். சம்மர்ல மூணு பேரும் மூணு பக்கம்.

செடிய வெச்ச கையோட அடுத்த வேலை மாவு. நேத்து சாயங்காலம் கிரைண்டர் போட்டிருந்தேன். ஜூலைல கிச்சன் மேடைல வெச்சா எட்டு மணி நேரத்துல மூடியத் தள்ளிட்டு வழியும், இப்ப வெச்சா மறுநாள் மத்தியானம் வரைக்கும் அப்டியே சிமெண்ட் கலவை மாதிரி கெடக்கும். அதனால ஃபால் வந்தா மாவு ஓவனுக்குள்ள போயிரும். ஓவன ஆன் பண்ணக் கூடாது, உள்ள இருக்கற பல்ப மட்டும் போட்டு கதவ சாத்திட்டா போதும், அந்த பல்பு சூடே நம்மூரு சித்திரை மாசம் மாதிரி. கல்லு உப்பு போட்டு கையாலதான் கரைப்பேன், கரண்டியால கலக்குனா எனக்கு திருப்தி வராது.

ரெண்டு வருசம் முன்னாடி இதுல ஒரு விபத்து. இவரு ஃப்ரோசன் பீட்சா சுடறேன்னு, உள்ள என்ன இருக்குன்னு தெறந்து கூட பாக்காம, 400 ஃபாரன்ஹீட்டுக்கு ப்ரீஹீட் போட்டுட்டாரு. அஞ்சு நிமிசத்துல வீடு பூரா இட்லி வாசம். "என்னடி இட்லி வேகுது?"ன்னு மாடிக்கு வந்து என்னையவே கேக்கறாரு. எவர்சில்வர் பாத்திரமா இருந்ததால தப்பிச்சோம், ஆனா மேல ரெண்டு இன்ச்சுக்கு ஒரே பெரிய இட்லி, அடில வெதவெதன்னு மாவு. அன்னிலேர்ந்து ஓவன் பட்டன் மேல ஒரு மஞ்ச சீட்டு ஒட்டி வெச்சிருக்கேன், "மாவு இருக்கு"னு. சில நாள் மாவு இல்லாதப்பவும் எடுக்க மறந்துருவேன், அன்னிக்கு பீட்சாவே கிடையாது.

காலைல எழுந்து மொத வேலை அந்தக் கதவத் தெறக்கறதுதான். காபி கூட அப்பறம். வெதுவெதுப்பா ஒரு காத்து மூஞ்சில அடிக்கும், அந்தப் புளிச்ச வாசம், மூடியத் தூக்குனா நடுவுல லேசா மேடு தட்டி, மேல தோல் மாதிரி படர்ந்து, அங்கங்க ஊசி குத்துன மாதிரி ஓட்டை. கரண்டிய உள்ள விட்டா புஸ்ஸுனு ஒரு சத்தம் வருமே, இன்னிக்கு வந்துச்சு. வெளில 6 டிகிரி, ஜன்னல் கண்ணாடி ஓரமா பனி பூத்திருக்கு, அடுப்புல இட்லி பானை ஆவி விடுது.

தட்ட வைக்கும்போதுதான் தெர்மோஸ்டாட்ட பாத்தேன், உள்ள 17. அக்டோபர் ஒண்ணு வரைக்கும் ஃபர்னஸ், அதான் வீட்ட சூடாக்கற மெஷினு, போடக் கூடாதுங்கறது இவரோட கொள்கை, கேஸ் பில்லு பயம். பாப்பா போர்வையப் போத்திக்கிட்டு இட்லி சாப்பிடறதப் பாத்ததும் கொள்கை கரைஞ்சிருச்சு. பேஸ்மெண்ட்டுக்கு போய் பழைய ஃபில்டர உருவுனா பூனைக்குட்டி முதுகு மாதிரி சாம்பல் கலர்ல ரோமம் ரோமமா தூசி. புதுசு மாட்டி, சுவிட்சத் தட்டுனோம். கீழ தும்முனு ஒரு சத்தம், அப்பறம் செவுத்துக்குள்ள தகரக் குழாயெல்லாம் டக்கு டக்குனு சூடு ஏறி நெளியற சத்தம், அப்பறம் அந்த வாசம். சம்மர் பூரா உள்ள படிஞ்ச தூசி மொத மொதல்ல கருகுற வாசம், அயர்ன் பாக்ஸ் ரொம்ப நாள் கழிச்சுப் போட்டா வருமே கிட்டத்தட்ட அப்டி. வந்த வருசம் இந்த வாசத்துக்கு பயந்து ரெண்டு பேரும் வீட்டுக்கு வெளிய போய் நின்னோம். இப்ப அரைமணி நேரத்துல தானா போயிரும்னு தெரியும். வருசத்துல ஒரே ஒரு நாள்தான் அந்த வாசம், அதுவும் இந்த வருசக் கணக்கு இன்னியோட முடிஞ்சுபோச்சு.

பாப்பாக்கு இதுல தனி சந்தோசம். தரைல இருக்கற சூட்டுக் காத்து வர்ற ஓட்டை மேல போய் நின்னுக்குவா. போன பொங்கலுக்கு அம்மா அனுப்புன பட்டுப்பாவாடைய பொட்டில இருந்து தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து நின்னா, பாவாடை பலூன் மாதிரி உப்பி, மாம்பழக் கலர்ல பெரிய குடை. பாவாடை கணுக்காலுக்கு மேல ஏறிருச்சு. பொங்கலுக்கு தரையத் தொட்டுச்சு, அதுக்குள்ள இவ்ளோ வளந்துட்டா.

மத்தியானம் வெயில் கொஞ்சம் எட்டிப் பாத்துச்சு, பின்னாடி போய் தக்காளிய முடிச்சோம். பழுத்தத பூரா அணில் தின்னுருச்சு, அதுவும் முழுசா தின்னா பரவால்ல, ஒவ்வொண்ணுலயும் ஒரு கடி. மிச்சம் பச்சைக்காயா ஒரு கூடை. நல்லா உருண்டு வெளுத்த காய பேப்பர் பைல போட்டு கூட ஒரு வாழைப்பழத்த வெச்சு கட்டிட்டேன், பழத்துல இருந்து வர்ற எத்திலீன் வாயு காயப் பழுக்க வெச்சிரும், பத்து நாள் ஆகும். கல்லு மாதிரி இருந்தது எல்லாம் தொக்குக்கு. பச்சைத் தக்காளி தொக்குக்கு புளி தேவையே இல்ல, வெந்தயம் வறுத்துப் பொடிச்சு, நல்லெண்ணெய் தாராளமா விட்டு சுருள வதக்கணும். மாங்காய் தொக்கானு இவரு கேட்டாரு, நான் இல்லன்னு சொல்லல.

மோர் மிளகாய்தான் இந்த வருசம் மானத்த வாங்கிருச்சு. ஃபார்ம் மார்க்கெட்ல மிளகாய் மலிவா கெடச்சுதுனு செப்டம்பர் மொத வாரம் மூணு கிலோ வாங்கி, கீறி, உப்பு மோர்ல ஊற வெச்சுட்டேன். மூணு நாள் நல்லா காஞ்சுச்சு, நாலாவது நாள் மழை. டெக்குல வெக்க முடியாது, அணில் பயம் வேற, அதனால தட்ட அப்டியே கார் டேஷ்போர்டுல வெச்சு கதவ சாத்திட்டேன், அப்பப்ப வெயில் அடிக்கும்போது கார் உள்ள அனல் பறக்கும்ல. வடாம் காயப் போடறதுக்கு இங்க பல பேர் பண்ற வேலைதான் இது. திங்கக்கிழமை அத மறந்துட்டு ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஒரு பொண்ணுக்கு லிஃப்ட் குடுத்தேன். ஏறி உக்காந்தவ ரெண்டு நிமிசம் மரியாதைக்கு சும்மா இருந்தா. அப்பறம் மெதுவா ஜன்னல எறக்குனா. கார்ல இன்னும் அந்த வாசம் போகல, ஆனா டப்பா நிறைய மிளகாய் இருக்கு, ஜனவரில தயிர் சாதத்துக்கு ஒண்ணு பொரிச்சா போதும்.

இன்னும் பத்து நாள்ல நவராத்திரி, பொம்மைப் பொட்டி எல்லாம் பேஸ்மெண்ட்ல இருந்து ஏத்தணும். சின்ன வயசுல சரத் நவராத்திரினு சொல்லும்போது சரத்துனா என்னன்னு நான் யோசிச்சதே கிடையாது, ஏதோ சாமி பேருனு நெனச்சிருந்தேன். இலையுதிர் காலத்துக்குத்தான் அந்தப் பேராம். அது தெரியறதுக்கு மேப்பிள் மரத்துக்கு அடில நின்னு பேப்பர் பைல சருகு அள்ள வேண்டியிருந்துச்சு.

சாயங்காலம் அம்மா கூப்ட்டாங்க, அங்க பொழுதே விடியல, அவங்க அஞ்சு மணிக்கே எந்திரிச்சுருவாங்க. "இங்க இன்னும் வெயில் மண்டையப் பொளக்குதுடி, ராத்திரி பூரா கரண்டு வேற போய்ப் போய் வந்துச்சு"ன்னாங்க. நான் சாக்ஸ் போட்ட கால காமிச்சேன். செடியக் காமின்னாங்க, காமிச்சேன். "என்னடி ரெண்டு இலை அதுக்குள்ள கீழ கெடக்கு?" கண்ணு அவங்களுக்கு.

ராத்திரிக்கு மிளகு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். சம்மர்ல தாளிக்கும்போதுதான் கறிவேப்பிலை பறிக்கலன்னு ஞாபகம் வரும், அடுப்ப அணைச்சு, செருப்பத் தேடி, கொசுகிட்ட கடி வாங்கிட்டு கொல்லைக்கு ஓடணும். இப்ப ஹால்ல நாலு எட்டு. கடுகு பொரியற சத்தம் கேட்டதும் போய் ஒரு கொத்த புடிச்சேன், பின்னாடியே பாப்பா ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டா, "அம்மா ப்ளீஸ், அது நேத்துதான வந்துச்சு, இன்னிக்கு வேண்டாம்." எந்தக் கொத்துல எடுத்தா அதுக்கு வலிக்காதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணி, அடிக்கெளைல பழுக்கப் போற ஒரு ஈர்க்க அவளே ஒடிச்சுக் குடுத்தா.

அதுக்குள்ள கடுகு கருகிருச்சு. அப்டியே ரசத்துல கொட்டிட்டேன், அப்பாவும் பொண்ணும் ஒண்ணும் சொல்லாம ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சாங்க.