நியூயார்க்கில் கறுப்பினப் புகைப்படக் கலையைத் தேடிப் போகிறவர்களுக்கு

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் காட்சிப் பண்பாட்டு மையம் ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து மியூசியம் என்று நினைத்துக்கொண்டு நேராகப் போனால் வாசல் காவலரோடு பேசிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அங்கே நடப்பதெல்லாம் நிகழ்ச்சிகள்: கலைஞர்களோடு உரையாடல், கருத்தரங்கு, கண்காட்சித் திறப்பு. அதனால் நிகழ்ச்சி நாளை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் விமான டிக்கெட் போடுங்கள். செப்டம்பர் முதல் மே தொடக்கம் வரை வகுப்புக் காலம். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் கோடையிலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. நம் ஊர்ப் பள்ளி விடுமுறையை ஒட்டிப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

வெளியாட்கள் முன்பதிவு செய்ய வேண்டும், வாசலில் அடையாள அட்டை காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். இனிஷியல் போட்டுப் பதிந்துவிட்டு, அப்பா பெயர் விரிவாக இருக்கும் பாஸ்போர்ட்டை நீட்டினால் பட்டியலில் தேடவே நேரமாகும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கட்டடம் மாறலாம் என்பதால் அழைப்பில் உள்ள முகவரியை மட்டும் நம்புங்கள்.

மையத்தின் இயக்குநர் டெபோரா வில்லிஸ், புகைப்படக் கலைஞர், வரலாற்றாய்வாளர், படைப்பாளிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் அமெரிக்காவில் தரப்படும் மெக்ஆர்தர் விருதை 2000இல் பெற்றவர். 2013இல் பாரிஸில் தொடங்கி 2015இல் ஃபிளாரன்ஸ், 2016இல் ஜோகன்னஸ்பர்க் என்று ஊர் ஊராக நடந்த, கறுப்பின மக்களின் உருவப்படங்களைப் பற்றிய 'பிளாக் போர்ட்ரைச்சர்ஸ்' மாநாடுகளுக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். மையத்தோடு இணைந்த ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1969இல் பிறந்தது. மெட்ரோபாலிட்டன் மியூசியம், நியூயார்க்கின் கறுப்பின வட்டாரமான ஹார்லெமைப் பற்றிப் பெரிய கண்காட்சி வைத்து, ஹார்லெம் ஓவியர்கள், சிற்பிகளின் படைப்பு ஒன்றைக்கூட வைக்காமல் போராட்டத்தைச் சந்தித்ததும் அதே ஆண்டுதான். அந்தக் கண்காட்சி செய்த ஒரே நல்ல காரியம், ஜேம்ஸ் வான் டெர் ஸீ என்ற ஹார்லெம் போட்டோ ஸ்டூடியோக்காரரை எண்பது வயதைத் தாண்டிய பிறகாவது உலகுக்குக் காட்டியது.

மாணவர்களின் படங்களைப் பார்க்க 721 பிராட்வேயில் உள்ள, இதே பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப்பள்ளிக்குப் போக வேண்டும். புகைப்படத் துறை 8ஆம் மாடியில். ஆர், டபிள்யூ ரயில்களில் 8ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். இறுதியாண்டு மாணவர்கள் படங்களைத் தொங்கவிடும் வசந்த காலமே தோது.

இங்கே இளம் கலைஞர்கள் பேசும்போது திரும்பத் திரும்ப வருவது கறுத்த தோலுக்கு எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவு, வைப்பது. கேமரா மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாக எண்ணித்தான் கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்கக் கறுத்த முகம் இருந்தால் அது வெளுத்துப் போகும். அதே முகம் வெள்ளைச் சட்டையோடு வந்தால் இருட்டாகும். ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து, அது காட்டுவதிலிருந்து ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது ஒளியைப் பாதியாக, குறைப்பது நல்ல தொடக்கம். வெள்ளை வேட்டி சட்டை மாப்பிள்ளையைப் படம் எடுப்பவருக்கும் இதே கணக்குதான். கலர் லேப்களுக்குக் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அளவுகோல் அட்டையில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. கோளாறு கேமராவோடு நிற்கவில்லை.

உண்மையான புதையல் ஹார்லெமில், ஷாம்பர்க் மையத்தில் இருக்கிறது. கறுப்பினப் பண்பாட்டை ஆய்வு செய்வதற்கான, நியூயார்க் பொது நூலகத்தின் கிளையான இதன் புகைப்படப் பிரிவில்தான் வில்லிஸ் 1980களில் பொறுப்பாளராக இருந்தார். இங்கே போவதில் ஒரு குழி உண்டு. 135ஆம் தெரு என்ற பெயரில் இரண்டு நிலையங்கள். பி, சி ரயில்கள் செயின்ட் நிக்கோலஸ் அவென்யூவில் இறக்கிவிடும். உங்களுக்கு வேண்டியது 2 அல்லது 3. நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் கட்டடம் பக்கத்திலேயே. 1ஆம் எண் ரயிலில் ஏறிவிட்டால் 96ஆம் தெருவுக்குள் மாறிவிடுங்கள், அதற்கு மேல் அது மேற்கே பிரிந்துவிடும். கட்டணத்துக்குக் கார்டைத் தட்டினால் போதும். ஆனால் இந்திய வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் கான்டாக்ட்லெஸ் வசதியும் ஆன் செய்திருக்க வேண்டும். இதை ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

அசல் பிரின்ட்டுகளைப் பார்க்க முன்அனுமதி கட்டாயம். "ஹார்லெம் பழைய படங்கள்" என்று எழுதினால் பதில் கேள்வியாகத்தான் வரும். ஆன்லைன் பட்டியலில் தொகுப்பின் பெயரையும் பெட்டி எண்ணையும் பிடித்து எழுதுங்கள். ஆஸ்டின் ஹேன்சன், இரட்டையர்களான மோர்கன் ஸ்மித், மார்வின் ஸ்மித் ஆகியோரின் ஸ்டூடியோத் தொகுப்புகளில் தொடங்கலாம். கல்யாணம், சர்ச், ஊர்வலம் என்று ஒரு வட்டாரத்தின் வாழ்க்கையே அதில் இருக்கிறது. பேனா வெளியே, பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. அடுக்கிய வரிசை கலையக்கூடாது. ஃபிளாஷ் கூடாது.

ஹார்லெமைப் படம் எடுத்த புகைப்படக் கலைஞர் ராய் டிகராவாவின் பிரின்ட் எங்காவது கண்காட்சியில் இருந்தால் தவறவிடாதீர்கள். மொபைலில் பார்த்தால் முக்கால்வாசி கறுப்பாகத் தெரியும் படம் அது. கண்ணாடியில் கூரை விளக்கு பிரதிபலிக்காத பக்கமாக நின்று, ஒரு நிமிடம் கண்ணைப் பழகவிட்டால்தான் நிழலுக்குள் இருக்கும் முகங்கள் பிரிந்து தெரியும்.

ஷாம்பர்க்கிலிருந்து பத்துத் தெரு தெற்கே, 144 மேற்கு 125ஆம் தெருவில், கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளுக்கான ஸ்டூடியோ மியூசியம். 1968இல் தொடங்கியது, புதிய கட்டடம் 2025 நவம்பரில் திறந்தது. ஆண்டுதோறும் இளம் கலைஞர்களைத் தங்கவைத்து வேலை செய்ய இடம் கொடுக்கிறார்கள். ஷாம்பர்க்குக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் வெள்ளி அல்லது சனியை வைத்துக்கொள்ளலாம். காலையில் ஷாம்பர்க், சாப்பிட்டுவிட்டு மியூசியம்.