பயிற்சித் தேவையை ஆராய்கிறவர்களுக்கு: ஒரு நாள் கூடவே நடந்து பாருங்கள்

பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பின் ஆய்வேட்டுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர்களை வழிநடத்தும் பெண்களுக்கு என்ன பயிற்சி தேவை என்பதை எடுத்துக்கொண்டேன். ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற நோய்களுக்கு வீடு தேடிச் சென்று சேவை தரும் தமிழக அரசுத் திட்டம் அது; 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. இதே போன்ற தலைப்பில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சுகாதாரப் பணியாளர்களின் பயிற்சித் தேவையை அளக்கும் ஹென்னஸி-ஹிக்ஸ் வினாநிரலைப் பயன்படுத்தினேன். அதில் 30 பணிகள். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள் என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் இட வேண்டும்; இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பயிற்சித் தேவை தெரியும். நல்ல கருவி. ஆனால் மாதக் கூட்டத்தில், அதிகாரி எதிரே இருக்கும்போது படிவத்தைக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் ஆறும் ஏழும் போட்டார்கள். என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்டதற்கு நோய்களின் பெயர்களே வந்தன.

வழிகாட்டிப் பேராசிரியர், "ஒரு நாள் கூடவே நடந்து பாருங்கள்" என்றார். படிவம் நிரப்பியவர்களில் ஒருவரோடு போனேன். அந்த அம்மா, ஒரு வீட்டில் பாட்டியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, கையை இதய மட்டத்தில் தாங்கிப் பிடித்து ரத்த அழுத்தம் பார்த்தார். அப்பழுக்கில்லாத வேலை. பிறகு, "உப்பைக் குறையுங்கள் பாட்டி" என்றார். பாட்டி சொன்னார்: "என்னிடம் சொல்லி என்ன தாயி? உலை வைப்பவள் மருமகள் அல்லவா?" மருமகள் அடுப்படி வாசலில்தான் நின்றிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம். எடுத்துச்சொல்லும் திறனுக்குத் தனக்கு ஏழு போட்டிருந்தவர் அவர்.

மக்கள் நலத்தை மேம்படுத்த, உலக சுகாதார நிறுவன மாநாட்டில் உருவான 1986 ஒட்டாவா சாசனம் சொல்லும் ஐந்து வழிகளில் தனிமனிதத் திறனை வளர்ப்பது ஒன்றுதான். ஆதரவான சூழலை உருவாக்குவதும் சமூகத்தைச் சேர்ந்து செயல்பட வைப்பதும் தனி வழிகள். இவர்களுக்குக் கிடைத்த பயிற்சியோ நோயையும் கருவியையும் தாண்டவில்லை. குடும்பத்தோடு பேசுவது, ஊர்க்கூட்டம் நடத்துவது, சோர்ந்துபோன தன்னார்வலரைத் தாங்குவது இவற்றையெல்லாம் அவர்கள் தாமாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது.

ஆகவே படிவத்தைத் தனியாகக் கொடுங்கள். "என்ன பயிற்சி வேண்டும்?" என்பதைவிட, "கடைசியாக எந்த வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றீர்கள்?" என்று கேளுங்கள், பதில் கொட்டும். நெறிமுறைக் குழு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். களக்குறிப்பை அன்றிரவே எழுதுங்கள். மறுநாள் அழுத்த அளவு நினைவிருக்கும். அடுப்படி வாசலில் யார் நின்றார் என்பது மறந்துவிடும்.