குதிகால் வலிக்கு நான் பார்த்த வைத்தியம்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம், இடையில் பகல் முழுக்க சிமெந்துத் தரையில் நிற்பது. வலது குதிகால் வலிக்கத் தொடங்கியபோது அம்மா வாயு என்றார், பக்கத்து வீட்டு அக்கா குளிர் என்றார். ஆனால் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில்தான் ஆணி ஏறியதுபோல் குத்தும், கொஞ்சம் நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் திரும்பவும் பிடிக்கும்.

வைத்தியசாலையில் டொக்டர் குதிகாலின் உட்பக்கத்தை அழுத்திப் பார்த்துவிட்டு பிளான்டர் ஃபேசியைட்டிஸ், அதாவது உள்ளங்கால் ஃபேசியாவில் வரும் வலி, என்று எழுதி பிசியோதெரபிக்கு அனுப்பினார். எக்ஸ்ரே வேண்டாமா என்று கேட்டேன். குதிகால் எலும்பில் வளரும் முள் வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும், அதைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்றார். ஃபேசியா என்பது தசைகளைச் சுற்றியும் அவற்றுக்கு இடையிலும் உடம்பு முழுக்க இருக்கும் இணைப்புத் திசு. உள்ளங்காலில் அது தடித்த பட்டையாகக் குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை போகிறது. தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் பட்டையும் தளர்ந்து இருக்கும், எழுந்தவுடன் முழு எடையும் ஏறினால் சட்டென்று இழுபடும்.

பிசியோ மிஸ் சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகவே பேசுவார். குதிகாலைக் காட்டினால் அவர் கெண்டைக்காலைப் பிடித்தார். ஏறி இறங்கி அது கல்லாகிக் கிடந்தது. கெண்டைக்கால் இறுகினால் கணுக்கால் சரியாக மடங்காது, அந்தச் சுமை பாதத்துக்குப் போகும் என்றார். அதன் பிறகுதான் உள்ளங்காலுக்கு வந்து, கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல் பக்கமாக மெதுவாக, நல்ல அழுத்தமாகத் தேய்த்தார். “தாங்க முடியாட்டி சொல்லுங்க டீச்சர்.” தாங்க முடிந்தது, ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்று வீட்டுக்கு ஏறும்போது கால் லேசாக இருந்தது, ஓரிரு நாளில் வலி திரும்பிவிட்டது.

அடுத்த முறை அதைச் சொன்னதும், கையால் தேய்த்து இந்தப் பட்டையை நீளமாக்க முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டார். பிறகு தேடிப் படித்தேன். 2008இல் வெளிவந்த ஒரு கணித ஆய்வின்படி, உள்ளங்கால் ஃபேசியாவை 1 சதவீதம் உருமாற்றவே மனிதக் கை கொடுக்க முடியாத அளவு விசை வேண்டும். அப்படியென்றால் சுகம் வருவது பெரும்பாலும் நரம்புகள் அடங்குவதால்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சுகம் இருக்கும் நேரத்தில் பயிற்சி செய்யாவிட்டால் தேய்த்ததெல்லாம் வீண்.

பயிற்சி இதுதான். கட்டிலை விட்டு இறங்கும் முன்பே காலை மடியில் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்து 10 விநாடி பிடிக்க வேண்டும், 10 தடவை. நாளைக்கு 3 நேரம். சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் கெண்டைக்காலை இழுப்பதும் உண்டு. வலி கொஞ்சம் தணிந்த பிறகு படியில் நின்று, விரல்களுக்குக் கீழே சுருட்டிய துவாயை வைத்து, குதிகாலை 3 விநாடியில் தூக்கி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்குவது. இதை ஒன்றுவிட்ட ஒரு நாள் செய்தால் போதும். எனக்குப் பெரிய மாற்றம் தந்தது இதுதான், ஆனால் மாதக்கணக்காயிற்று. உள்ளங்காலுக்குக் கீழே ஐஸ் போத்தலை வைத்து உருட்டவும் சொன்னார், மார்கழிக் குளிரில் அதை யார் செய்வது! சாதாரணப் போத்தலையே உருட்டினேன்.

சீனி வியாதி இருந்து பாதம் மரத்துப்போகிறவர்கள் கேட்காமல் இப்படி அழுத்தி உருட்ட வேண்டாம். கால் வீங்கினாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பையும் மாற்றுங்கள். குதிகால் கொஞ்சம் உயர்ந்த, மெத்தென்ற செருப்பை இப்போது வீட்டுக்குள்ளேயும் போடுகிறேன், அம்மாவுக்கு அது இன்னும் பிடிக்கவில்லை.